தரம் ஆறிலேயே முடிந்துவிடும் தெரிவு: வன்னிப் பாடசாலைகளும் தொகுதிப் பாடங்களும்

கேள்வி

இலங்கையின் அரச பாடசாலையில் படிக்கும் பிள்ளை தன் பாடத்தைத் தானே தெரிந்தெடுக்கும் முதற் சந்தர்ப்பம் தரம் 9 முடியும்போது வருகிறது என்றுதான் பொதுவாகக் கருதுகிறோம். தரம் 10 இல் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். மிகுதி மூன்று பாடங்களை மூன்று தொகுதிகளிலிருந்து, தொகுதிக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். முதலாம் தொகுதியில் புவியியல், குடியியற் கல்வி, வணிகக் கல்வியும் கணக்கீடும், முயற்சியாண்மைக் கல்வி, இரண்டாம் மொழியான சிங்களம், இன்னும் பல பிறமொழிகள் உள்ளன. இரண்டாம் தொகுதியில் கர்நாடக சங்கீதம், பரதம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம், ஆங்கில இலக்கிய நயம் முதலியன. மூன்றாம் தொகுதியில் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், நீருயிரின வளத் தொழினுட்பம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், நிர்மாணம், இயந்திரம், மின்னியல் என்ற வடிவமைப்புத் தொழினுட்பப் பாடங்கள்.

கடதாசியில் இது பெரிய சுதந்திரம். பக்கத்தில் தமிழ்நாட்டைப் பார்த்தால் பத்தாம் வகுப்புவரை எல்லா மாணவருக்கும் ஒரே பாடங்கள்தான். பிரிவு பதினோராம் வகுப்பில்தான் வருகிறது. அந்த வகையில் இலங்கைப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு முன்னதாகவே கதவு திறக்கிறது.

வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் சிற்றூர்ப் பாடசாலைகளில் அந்தக் கதவு உண்மையில் எங்கே, எப்போது, யாரால் திறக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தெரிவு தரம் 9 இல் நடப்பதில்லை, தரம் 6 இலேயே பெருமளவு முடிந்துவிடுகிறது என்பதும், அதை முடித்துவைப்பது பிள்ளையோ பெற்றோரோ அல்ல, பாடசாலையின் ஆளணிப் பட்டியலும் நேரசூசியுமே என்பதும் என் வாதம். பாடத்திட்டத்தில் என்ன பாடம் சேர்க்கலாம் என்று எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகப் பேசிவந்திருக்கிறோம். ஏற்கெனவே இருக்கும் பாடம் பிள்ளையின் வாங்குவரை வந்து சேர்கிறதா என்று கேட்டது குறைவு.

மண்ணுக்கேற்ற கல்வி என்ற பழைய வாதம்

வன்னியின் கல்வி பற்றிய பேச்சில் இரண்டு நிலைப்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, குளமும் வயலும் கடலும் உள்ள நிலத்தின் பிள்ளைகளுக்கு அந்த மண்ணின் தொழிலையே பாடமாகக் கொடுக்க வேண்டும் என்பது. மற்றது, அந்தப் பிள்ளைகளை மீட்கக்கூடியவை கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும்தான், மற்றவை நேர விரயம் என்பது. முதலாவதைத் திட்டமிடுவோரும் தொண்டு நிறுவனங்களும் சொல்வது வழக்கம். இரண்டாவதைச் சொல்வோர் பெற்றோர். யார் சரி என்று தீர்ப்பதற்கு முன், முதலாவது வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1930களில் இலங்கையில் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் வந்தது. கிராமத்து வாழ்வோடும் தொழிலோடும் கல்வியை இணைப்பது அதன் நோக்கம். 1943 இல் வெளியான கன்னங்கரா குழுவின் அறிக்கை இலவசக் கல்விக்காகவே இன்று நினைக்கப்படுகிறது. அதே அறிக்கை ஐந்தாம் வகுப்பின் பின் பிள்ளைகளைச் சோதித்து மூன்று வகைப் பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்பவும், பெரும்பாலானோரைச் செய்முறைக் கல்விப் பாடசாலைகளுக்கு விடவும் பரிந்துரைத்தது. இலவசக் கல்வி வேரூன்றியது. இந்தப் பிரிப்பு வேரூன்றவில்லை, ஏனென்றால் தம் பிள்ளை பதினொரு வயதில் 'செய்முறை'ப் பக்கம் ஒதுக்கப்படுவதைக் கிராமத்துப் பெற்றோர் ஏற்கவில்லை.

பாக்கு நீரிணையின் மறுகரையிலும் இதே கதை இன்னும் கூர்மையாக நடந்தது. 1937 இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கல்வியின் மையத்தில் வைத்தது. 1953 இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பாடசாலை நேரத்தைச் சுருக்கி, மிகுதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்து எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகி, காமராசர் முதலமைச்சரானதும் 1954 இல் திட்டம் கைவிடப்பட்டது. மீனவரின் மகனுக்கு மீன்பிடியைப் படிப்பி என்று யார் சொன்னாலும், தமிழ் வாசகர் முதலில் இந்த வரலாற்றை நினைப்பது நியாயமே.

இலங்கையில் மிகப் பெரிய முயற்சி 1972 இல் வந்தது. 1971 இளைஞர் கிளர்ச்சி அரசை உலுக்கியிருந்தது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் நிறுவனக் குழு, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் இடையிலான பெரும் பிளவைச் சுட்டிக்காட்டியது. 1972 சீர்திருத்தம் தரம் 6 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டத்தை வைத்து, அதற்குள் தொழில் முன்னிலைக் கல்வியையும் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு பாடசாலையும் தன்னைச் சூழ்ந்த தொழிலைப் பாடமாக்கலாம் என்றது. கொழும்பின் பெரிய கல்லூரிக்கும் துணுக்காயின் சிறு பாடசாலைக்கும் ஒரே விதி என்பதே அதன் உயர்ந்த அம்சம். குலக்கல்வி என்ற பழி அதன்மேல் விழ முடியாது. ஆனால் பயிற்றப்பட்ட ஆசிரியரும் கருவியும் தயாராகுமுன் அவசரமாக வகுப்பறைக்குள் நுழைந்த பாடம் அது. 1977 இல் ஆட்சி மாறியதும் முழு அமைப்பும் கலைக்கப்பட்டு, பழைய க.பொ.த. முறை மீண்டது.

தமிழ்ப் பெற்றோருக்கு அக்காலத்தில் வேறொரு கவலையும் இருந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்ததும் அதே எழுபதுகளில்தான். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஒவ்வொரு புள்ளியும் கணக்கு என்றிருந்த வேளையில் தொழில் முன்னிலைக் கல்வியை எந்தத் தாயும் தகப்பனும் வரவேற்றிருக்க மாட்டார்கள்.

பெற்றோரின் இந்த மனநிலையை அறியாமை என்று ஒதுக்குவோருக்கு 1965 இல் பிலிப் ஃபொஸ்டர் மறுமொழி எழுதியிருக்கிறார். கானாவின் பாடசாலைகளை ஆராய்ந்த அவர், சம்பளமும் மதிப்பும் ஏட்டுக் கல்வி பெற்றவருக்கே கிடைக்கும் நாட்டில் பிள்ளைகள் ஏட்டுக் கல்வியை நாடுவது முழுக்கப் பகுத்தறிவான முடிவு என்று காட்டினார். பாடத்திட்டத்தை மாற்றி வேலைச் சந்தையை மாற்ற முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். வன்னியில் ஒரு தாய் தன் பிள்ளை விவசாயப் பாடம் எடுப்பதை விரும்பாதபோது, காலபோகம் பிழைத்தால் கடன் எப்படி ஏறும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவை மதிக்காத எந்தப் பாடத்திட்டமும் தோற்கும்.

ஆகவே மண்ணுக்கேற்ற கல்வி என்ற வாதத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அதற்கு எதிரான வாதமும் ஒரு விடயத்தைப் பார்க்கத் தவறுகிறது. இரண்டு தரப்பும், பிள்ளைக்கு முன்னால் உண்மையான ஒரு பட்டியல் இருப்பதாகவும், அதில் எதை எடுப்பது என்பதே பிரச்சினை என்பதாகவும் எண்ணிக்கொள்கின்றன.

நேரசூசி எப்படித் தீர்மானிக்கிறது

தொகுதிப் பாடங்களின் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்புக்கு நாளுக்கு எட்டாக, வாரத்துக்கு 40 பாடவேளைகள். கட்டாயப் பாடத்தில் சிக்கல் இல்லை: ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒரு பாடவேளை. தொகுதிப் பாடத்தில் அப்படியல்ல. ஒரே தொகுதிக்குள் உள்ள பாடங்கள் எல்லாம் ஒரே பாடவேளையில் நடக்க வேண்டும். இரண்டாம் தொகுதிப் பாடவேளை வரும்போது சங்கீதப் பிள்ளைகள் ஓர் அறைக்கும், சித்திரப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கும், நடனப் பிள்ளைகள் மண்டபத்துக்கும் போவார்கள். மூன்று பாடம் கொடுக்க விரும்பும் பாடசாலைக்கு அந்த 40 நிமிடத்தில் மூன்று ஆசிரியர்களும் மூன்று இடங்களும் வேண்டும்.

தரம் 11 வரை மட்டும் உள்ள வகை 2 பாடசாலை ஒன்றைக் கற்பனை செய்வோம். தரம் 10 இல் ஒரே ஒரு வகுப்பு, 24 பிள்ளைகள். இது எந்தக் குறிப்பிட்ட பாடசாலையின் கணக்குமல்ல; ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் மல்லாவிக்கும் அப்பாலுள்ள ஊர்களை அறிந்தவருக்கு இந்த அமைப்பு பழக்கமானது. அங்கே சித்திர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்றால் 24 பேரும் சித்திரம். மூன்றாம் தொகுதியில் விவசாய ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் இருந்தால் இரண்டில் ஒன்று. விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடமாக இருந்தால் விவசாயப் பட்டதாரி விஞ்ஞானத்துக்கு இழுக்கப்படுவார். பிறகு சுகாதாரம் மட்டும். முதலாம் தொகுதியில் புவியியலும் குடியியலும் ஒரே ஆசிரியரின் கையில் இருக்கும், ஒரே வேளையில் இரண்டு அறைகளில் அவரால் நிற்க முடியாது, ஆகவே இரண்டில் ஒன்று விழும். தெரிவுப் படிவம் பிள்ளையின் கைக்கு வரும்போது அதில் தெரிவதற்கு எதுவும் இருக்காது. சில இடங்களில் படிவமே வராது. அதிபர் வகுப்பில் வந்து அறிவித்துவிட்டுப் போவார்.

அதே வேளையில் தரம் 10 இல் ஐந்து சமாந்தர வகுப்புகள் உள்ள வவுனியா நகரக் கல்லூரியை நினையுங்கள். 150 பிள்ளைகளை ஆறு குழுவாகப் பிரித்தாலும் குழுவுக்கு 25 பேர் வரும். ஆறு ஆசிரியர்களை ஒரே வேளையில் நிறுத்துவதற்கு நியாயமும் உண்டு, ஆளணியும் உண்டு. பாடத்தின் பன்மை பாடசாலையின் பருமனோடு சேர்ந்தே வளர்கிறது. ஆளணி மாணவர் தொகையைக் கொண்டு கணிக்கப்படும்வரை சிறிய பாடசாலைக்குப் பன்மை கிடைக்காது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அதிபரை மாற்றுவதாலோ, பணிப்பாளர் கண்டிப்பதாலோ இது தீராது.

சிறிய பாடசாலைகளை மூடிப் பெரிய பாடசாலையோடு இணைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொழும்பில் இருந்து பார்த்தால் அது நியாயமாகத் தோன்றும். வன்னியின் ஊர்கள் குளங்களை அண்டி, காட்டை ஊடறுத்து, ஒன்றுக்கொன்று தூரத்தில் அமைந்தவை. காலையில் யானை கடக்கும் பாதையில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையைச் சைக்கிளில் தனியே அனுப்பப் பெற்றோர் துணியமாட்டார்கள். அருகில் பாடசாலை இல்லாவிட்டால் அவள் வேறு பாடசாலைக்குப் போகப் போவதில்லை, படிப்பையே விட்டுவிடுவாள். ஊர்ப் பாடசாலை இருக்க வேண்டும். அதற்குள் பன்மையும் வர வேண்டும்.

ஆசிரியர் நிலைபெறாமை இதை இன்னும் மோசமாக்குகிறது. வன்னியின் பல பாடசாலைகள் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைக்குள் வருபவை. யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வருபவர் கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பது இயல்பு. ஏ9 வீதியில் நாளும் போய்வந்து களைத்தவரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கணித ஆசிரியர் போனால் பதிலாள் தேடப்படுவார். சங்கீத ஆசிரியர் போனால் அந்தப் பாடமே நின்றுவிடும். தரம் 10 இல் தொடங்கிய பிள்ளைகள் தரம் 11 இல் பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போவார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இலவசப் பாடநூல் எந்த ஊருக்கும் வந்து சேரும்; அதை விளக்க ஆள் வந்து சேர்வதில்லை.

இன்னொன்று, பெறுபேற்று வீதம். சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்றில் திறமைச் சித்தியும் உயர்தரத்துக்குப் போக வேண்டும். பாடசாலைகளைக் கல்வி வலயம் ஒப்பிடுவதும் இந்த வீதத்தைக் கொண்டே. 'இலேசாகப் புள்ளி எடுக்கக்கூடிய' தொகுதிப் பாடத்துக்கு எல்லாப் பிள்ளைகளையும் தள்ளுவது அதிபருக்கு வசதி. இரண்டு பாடம் கொடுக்கக்கூடிய பாடசாலைகூட ஒன்றைத்தான் கொடுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பதினொரு வயதில்

தரம் 6 முதல் 9 வரையான கனிஷ்ட இடைநிலைப் பிரிவில் தெரிவு இல்லை என்று சொல்வது முழு உண்மையல்ல. அழகியல் பாடத்தில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்ற நான்கில் ஒன்றைப் பிள்ளை தரம் 6 இலேயே எடுக்கிறது. இதைப் பெரும்பாலானோர் தெரிவாகவே எண்ணுவதில்லை. ஆனால் தரம் 10 இன் இரண்டாம் தொகுதியைத் தீர்மானிப்பது இதுவே. சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் சாதாரண தரத்தில் செய்முறைப் பரீட்சை உண்டு. நான்கு ஆண்டுகள் சுருதியும் தாளமும் பழகாத பிள்ளை பதினான்கு வயதில் அந்தப் பாடத்துக்குள் நுழைய முடியாது. தரம் 6 இல் எந்த ஆசிரியர் இருந்தாரோ அவரே தரம் 11 இன் பெறுபேற்றுத் தாளில் ஒரு வரியை எழுதிவிட்டார்.

இங்கேதான் காசும் நுழைகிறது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்து அனுப்பக்கூடிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பாடசாலை ஆசிரியர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. கிளிநொச்சி நகரத்தில் அது நடக்கிறது. 1977 இலும் அதற்குப் பின்னும் மலையகத்திலிருந்து வன்முறைக்குத் தப்பி வந்து வன்னியில் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஊர்களில் அதற்கு வழியே இல்லை. வன்னி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் அதற்குள் உள்ள ஏற்றத்தாழ்வு யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் உள்ளதைவிடச் சிறியதல்ல.

நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவு மாவட்டம் கூத்தின் நிலம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலும், முள்ளியவளையிலும் சூழவுள்ள ஊர்களிலும் ஆடப்பட்டுவந்த கோவலன் கூத்தும், முல்லைமோடி என்ற தனி ஆட்டமுறையும் அந்த மக்களின் சொத்து. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த பிறகு, கூத்து பாடத்திட்டத்துக்குள் மதிப்புடன் நுழைந்தது. இன்று அது பாடநூலில் இருக்கிறது. ஆனால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் வாழும் ஊரின் பாடசாலையில் நாடக ஆசிரியர் நியமனம் இல்லை என்பதால், கூத்தாடிய குடும்பத்துப் பிள்ளை சித்திரம் கீறிக்கொண்டிருக்கும் நிலை சாத்தியமாகிறது. சித்திரம் தாழ்ந்ததல்ல. தன் வீட்டுக் கலையைப் பரீட்சைப் பாடமாகப் படிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பதே கேள்வி.

அண்ணாவியாரை வளவாளராக வாரத்தில் இரண்டு பாடவேளைக்கு அழைக்கலாம். பட்டப் படிப்பு இல்லை என்பது அதற்குத் தடையாக இருக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் இசை, நடனப் பட்டதாரிகளை வெளியே அனுப்புகிறது; ஆள் இல்லை என்ற வாதம் இந்தப் பாடங்களில் நிற்காது.

செய்முறைப் பாடமும் சிங்களமும்

தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்ற பாடமும் உண்டு. பிள்ளை தச்சையும் மின்னையும் சமையலையும் பயிரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும், அந்த அனுபவத்தை வைத்துத் தரம் 10 இல் மூன்றாம் தொகுதிப் பாடத்தை எடுக்க வேண்டும் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம். பின்லாந்தில் ஆணும் பெண்ணும் ஏழாம் வகுப்பில் மனைப்பொருளியலும் கைவினையும் கட்டாயமாகப் படிப்பதும் இதே நோக்கில்தான். எண்ணம் மிக நல்லது. ஆனால் எங்கள் பாடசாலைகளில் நேரசூசியில் மிஞ்சிய பாடவேளையை நிரப்பும் பாடமாக அது ஆகிவிட்டது. கருவி இல்லாமல், கரும்பலகையில் கருவியின் படத்தைக் கீறிப் பெயர் எழுதப் பழகும் வகுப்புகள் உள்ளன. 2008-09 போர்க்கால இடப்பெயர்வில் வன்னிப் பாடசாலைகள் தம் வாத்தியங்களையும் கருவிகளையும் ஏறத்தாழ முழுதாக இழந்தன. இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் 2012 இல் மூடப்படும்வரை மீள்குடியேற்றம் தொடர்ந்தது. கட்டடங்கள் எழுந்த வேகத்தில் பணிக்கூடங்கள் நிரம்பவில்லை. போர்க்காலம் முழுவதும் வன்னியில் அரச பாடத்திட்டமும் அரச பரீட்சையுமே நடந்தன என்பதை வெளியார் பலர் அறியமாட்டார்கள். மற்ற மாவட்டப் பிள்ளையோடு ஒரே வினாத்தாளை எழுத வேண்டிய கடமை வன்னிப் பிள்ளைக்கு என்றும் இருந்தது. ஒரே வசதி இருந்ததில்லை.

சிங்களம் தரம் 9 வரை இரண்டாம் மொழியாக எல்லோருக்கும் உண்டு. தரம் 10 இல் அது புவியியலோடும் வணிகத்தோடும் போட்டியிடும் ஒரு தொகுதிப் பாடமாகிவிடுகிறது. அரச சேவைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி பின்னால் தேவைப்படும். அதைப் பதினான்கு வயதில் யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அரசியல் காரணத்தால் சிங்களத்தை வெறுப்போரும், வேலைக்காக அதை வேண்டுவோரும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் முடிவெடுக்கத் தகவல் வேண்டும், ஆசிரியரும் வேண்டும். அதற்கு மேல் இதை நீட்ட விரும்பவில்லை.

வயலும் கடலும் பாடமாவது

விவசாயப் பாடத்துக்கு எதிரான பெற்றோரின் நியாயத்தை மேலே ஏற்றேன். ஆனால் ஃபொஸ்டர் எழுதிய காலத்துக்குப் பிறகு நிலைமை ஒரு வகையில் மாறியிருக்கிறது. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியது. அதில் உயிர்முறைமைகள் தொழினுட்பம் ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழினுட்பம் ஆகிய மூன்று பீடங்களும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. அதே அறிவியல்நகரில் 2016 முதல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் தேசிய தொழிற்றகைமைக் கற்கைகளை நடத்துகிறது. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு. அதற்கு மேல் பின்தங்கிய மாவட்டங்களுக்கென உள்ள 5 வீதத்திலும் வன்னியின் இந்த மூன்று மாவட்டங்களுக்கும் பங்குண்டு. ஃபொஸ்டர் கானாவில் கண்டது ஏணி இல்லாத தொழிற்கல்வி. வன்னியில் ஏணியின் மேற்படிகள் இப்போது வன்னிக்குள்ளேயே நிற்கின்றன, கீழ்ப்படிகள்தான் இல்லை.

பெற்றோரிடம் உள்ள இன்னொரு அச்சத்தையும் தெளிவாக்க வேண்டும். விவசாயமோ நீருயிரின வளமோ எடுத்தால் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ முடியாது என்று பலர் நம்புகிறார்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவுகளுக்கு வேண்டியவை விஞ்ஞானமும் கணிதமும்; அவை எல்லோரும் படிக்கும் கட்டாயப் பாடங்கள். மூன்றாம் தொகுதியில் எதை எடுத்தாலும் அந்த வழி அடைபடாது. 1953 இன் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: அங்கே தொழில் பாடசாலை நேரத்தைத் தின்றது, இங்கே ஒன்பதில் ஒரு பாடம் மட்டுமே.

பாடம் இருந்தாலும் கற்பிக்கும் முறை காலநிலையோடு பொருந்த வேண்டும். வன்னியில் காலபோக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில், மூன்றாம் தவணையில் நடக்கிறது. டிசம்பரில் பாடசாலை மூடும்போது மழை பெய்கிறது, பயிர் வளர்கிறது. அறுவடை வரும்போது புதிய ஆண்டு, புதிய வகுப்பு. தரம் 10 இல் நாற்று நட்ட பிள்ளை தரம் 11 இல்தான் கதிரைப் பார்க்கிறது. இடையில் பாடசாலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் களை பிடுங்குவதும் யாருடைய நேரசூசியிலும் இல்லை. இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் வாழும் பிள்ளைக்கு இது வீட்டிலேயே தெரியும். பாடத்திட்டத்துக்குத் தெரியவில்லை. நந்திக்கடலையும் கொக்கிளாய்க் களப்பையும் சூழ்ந்த ஊர்களில் நீருயிரின வளத்தைத் தொகுதிப் பாடமாகக் கொடுக்க முடியுமானால், களப்பே அதன் ஆய்வுகூடம்.

இந்தப் பாடங்களை வன்னிப் பிள்ளைகள் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை ஆங்கில இலக்கிய நயம் படிக்க விரும்பினால் அதுவும் கிடைக்க வேண்டும். கடல் அருகில் இருப்பதால் மீனும், வயல் அருகில் இருப்பதால் நெல்லும் என்று ஒதுக்குவது ராஜாஜி திட்டத்தின் பிழையைத் திரும்பச் செய்வதே.

செய்யக்கூடியவை

2025 இல் அரசாங்கம் அறிவித்த கல்விச் சீர்திருத்தம் 2026 இல் தரம் 1 இலும் தரம் 6 இலும் தொடங்குவதாகத் திட்டமிடப்பட்டது. பாடங்களை அலகுகளாகப் பிரிப்பது, பரீட்சைச் சுமையைக் குறைப்பது, சாதாரண தரப் பாடங்களின் எண்ணிக்கையைச் சுருக்குவது என்பன அதன் திசை. வரலாறும் அழகியலும் கட்டாயமாக இருக்குமா விருப்பத்துக்கு விடப்படுமா என்று அப்போது நாடு முழுவதும் விவாதம் எழுந்தது. வன்னியிலிருந்து பார்த்தால் அந்த விவாதத்தில் ஒரு முக்கிய கேள்வி விடுபட்டுப் போனது. ஒரு பாடம் 'விருப்பம்' என்று அறிவிக்கப்படும் நாளில், சிறிய பாடசாலையில் அதற்கான ஆளணியும் விருப்பத்துக்குரியதாகிவிடும். கட்டாயப் பாடத்துக்கு மட்டுமே ஆசிரியரைக் கேட்டுப் போராட முடியும் என்பதை எந்த அதிபரும் அறிவார். விருப்பப் பாடங்களைக் கூட்டும் எந்தச் சீர்திருத்தமும், பாடசாலைக்குக் குறைந்தபட்சம் இத்தனை விருப்பப் பாடங்கள் என்ற ஆளணி உத்தரவாதத்தோடு வராவிட்டால், நகரத்துப் பிள்ளைக்குத் தெரிவைக் கூட்டி, கிராமத்துப் பிள்ளைக்கு இருப்பதையும் குறைத்துவிடும்.

மாகாண மட்டத்தில் செய்யக்கூடியவை கொழும்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அண்மையிலுள்ள மூன்று நான்கு பாடசாலைகளை ஒரு கொத்தணியாக்கி, தொகுதிப் பாடவேளைகளை வாரத்தின் ஒரே நாளின் பிற்பகலில் ஒருமித்து வைத்தால், பிள்ளைகள் தமக்கு வேண்டிய பாடம் உள்ள பாடசாலைக்கு அன்று மட்டும் போகலாம். அல்லது சங்கீத, நாடக ஆசிரியர்கள் பாடசாலை மாறி மாறி வரலாம். பேருந்துச் செலவும் ஒருங்கிணைப்பும் வேண்டும். ஆசிரியருக்குப் பயணப்படி வேண்டும். அது பெரிய தொகையல்ல, புதிய கட்டடம் ஒன்றின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. செயன்முறைத் தொழினுட்பத் திறன்களின் பணிக்கூடத்தைக் கொத்தணிக்கு ஒன்றாக ஒழுங்காக அமைத்தால், பாடசாலைக்கு ஒன்றாகப் பூட்டிக் கிடக்கும் அலுமாரிகளைவிடப் பயன் தரும்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று செய்யலாம், அதற்குச் செலவே இல்லை. தரம் 5 முடித்த பிள்ளைக்குத் தரம் 6 அனுமதி கொடுக்கும் முன், அந்த வலயத்தின் ஒவ்வொரு பாடசாலையிலும் எந்தெந்த அழகியல் பாடங்களுக்கும் தொகுதிப் பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டு, எதற்கு இல்லை என்ற பட்டியலைப் பெற்றோரின் கையில் கொடுக்க வேண்டும். எந்தப் பாடசாலையில் சேர்ந்தால் எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று தெரிந்தே அவர்கள் முடிவெடுக்கட்டும். பாடம் இல்லாத ஊரில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரைக் கேட்கட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, மாகாணக் கல்வித் திணைக்களத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். பட்டியலுக்கு வேண்டிய தகவல் முழுவதும் வலயக் கல்விப் பணிமனைகளின் ஆளணிக் கோவைகளில் ஏற்கெனவே இருக்கிறது.